சுவரில் ஓர் ஆணிக்கு அனுமதி கேட்டு

கோலாலம்பூரில் வீடுகளை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும், அடுக்ககங்களை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

பதினான்கு ஆண்டுகளில் இது எனக்கு ஐந்தாவது வாடகை வீடு. கெப்போங்கில் ஒன்று, செத்தாபாக்கில் இரண்டு, ஜாலான் ஈப்போவில் ஒன்று, இப்போது செந்தூல். ஒவ்வொரு முறை சாவி வாங்கும்போதும் ஏஜென்ட் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: "சுவர்ல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க அக்கா." ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் அதே வாசகம் தடித்த எழுத்தில் இருக்கும். முதல் மூன்று வீடுகளுக்கும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது கேட்கத் தோன்றுகிறது. உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. மாதம் பிறந்தால் ஏழாம் தேதிக்குள் வாடகை கட்டிவிட்டு உங்கள் சுவர்களுக்குள் வாழ்கிறவர்களின் மனம் உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவின் படத்திலிருந்து தொடங்குகிறேன்.

அப்பா தவறிய பிறகு, கருமக்கிரியைக்காக ஒரு படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மரச்சட்டம் அடித்து வாங்கினோம். நல்ல கனம். செத்தாபாக் வீட்டு உரிமையாளரிடம் ஒரே ஓர் ஆணிக்கு அனுமதி கேட்டேன். முடியாது என்றார், ஒட்டும் கொக்கி வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதையும் முறைப்படிதான் செய்தேன். சுவரைத் துடைத்து, காயவிட்டு, கொக்கியை அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் படத்தை மாட்டினேன். எட்டு மாதம் நின்றது. நவம்பர் மழையில் ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும், பெரிய சத்தம். ஓடி வந்து விளக்கைப் போட்டால், கூடம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. கொக்கி படத்தோடு பத்திரமாகத்தான் இருந்தது. அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு உங்கள் சுவரின் வெள்ளைப் பூச்சு அப்படியே உரிந்து வந்திருந்தது.

அந்தத் துண்டை நான் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசை நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் பசை பிடிப்பது பூச்சை மட்டுமே. ஈரக் காற்று சுவருக்குள் இறங்கி, பூச்சு சுவரை விட்டுவிட்டால் கொக்கி என்ன செய்யும்? நம் ஊரில் ஆண்டு முழுதும் ஈரம். ஆணி அடித்திருந்தால் ஒரு மிளகு அளவு ஓட்டையோடு போயிருக்கும். "ஆணி வேண்டாம்" என்ற விதியால் உங்களுக்கே நட்டம் கூடியது.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டு அப்பாவின் படம் சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்றில் சாய்ந்திருந்தது. விருந்தாளி வந்தால் படத்தைத் தூக்கி அறைக்குள் வைக்க வேண்டும், அவர்கள் போனதும் திரும்பக் கொண்டுவர வேண்டும். அம்மா ஒரு நாள் சொன்னார்: "பாவம், உங்கப்பாவுக்கு இந்த வீட்டுல ஒரு இடம் இல்லாமப் போச்சே." எனக்குப் பதில் வரவில்லை.

சொந்தமில்லாத வீட்டில் வாழ்வது எங்கள் சமூகத்துக்குப் புதிதில்லை. நான் பிறந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பாட்டி காலத்திலிருந்து அந்த லயத்து வீட்டில்தான் இருந்தோம். வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். அது தெரிந்தும் பாட்டி வாசலில் முருங்கை நட்டார், அடுப்படியின் பின்னால் கறிவேப்பிலை நட்டார். பலகைச் சுவரின் இடுக்கில் காற்று வராமலிருக்க அம்மா தமிழ் நேசன் நாளிதழின் தாள்களைக் கஞ்சிப் பசை காய்ச்சி ஒட்டுவார். அதன் மேல் நாட்காட்டியில் வந்த முருகன், லட்சுமி, சரஸ்வதி. நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தச் சுவரில்தான். தீபாவளிக்கு முன் சுண்ணாம்பு அடித்து, வாசற்படிக்கு மஞ்சள் பூசுவார்கள். தோட்டத்துத் துரை ஒரு நாளும் வந்து, எங்கே ஆணி அடித்தாய் என்று கேட்டதில்லை. அவர்கள் கூலியில் கணக்குப் பார்த்தவர்கள், எங்களை அடக்கி வைத்தவர்கள். அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் சுவரை எங்களிடம் விட்டிருந்தார்கள்.

பிறகு தோட்டம் கைமாறியது, வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். கடைசி நாள் காலையில் அம்மா வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டுத்தான் லோரியில் ஏறினார். அந்த வீடு சில வாரங்களில் இடிபடப் போகிறது என்று அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர்கள்தான் இன்று உங்கள் பதினேழாவது மாடிக்கு வாடகைக்கு வருகிறோம். வீட்டை வீடாக்காமல் எங்களால் இருக்க முடியாது, அது எங்கள் கையில் ஊறியது. நீங்கள் தடுத்தாலும் செய்வோம். பயந்து, ஒளித்து, அரைகுறையாகச் செய்வோம். அதில்தான் உங்கள் சுவரும் கெடுகிறது, எங்கள் மனமும் கெடுகிறது.

இனி பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் அங்கேதான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. ஜாலான் ஈப்போ வீட்டுக்கு வாடகை 1,500 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே கால் வைப்பதற்கு முன்பே 5,250 வெள்ளி கொடுத்தேன். கிளம்பும்போது அந்த வீட்டுக்காரர் கூடத்தில் ஆறு ஆணி ஓட்டைகளை எண்ணினார். அவற்றில் நான்கு, நான் வருவதற்கு முன்பே இருந்தவை. ஆனால் வந்த நாளில் நான் படம் எடுத்து வைக்கவில்லை. கூடம் முழுக்க வெள்ளையடிக்க வேண்டும் என்று 900 வெள்ளி பிடித்துக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, வேலை முடிந்ததும் தருவதாகச் சொன்னார். இன்று வரை வரவில்லை. நான்கு ஆண்டு ஒருவர் குடியிருந்த வீட்டுக்கு எப்படியும் வெள்ளையடித்துத்தானே அடுத்தவருக்குத் தருவீர்கள்? அது வாழ்ந்த தேய்மானம். வாசற்படி தேய்வதற்கு யாரும் அபராதம் கேட்பதில்லையே.

5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கைகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே மனுப் போடலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னைப் போல் டெபாசிட் இழந்த வாடகைக்காரர்கள் யாரேனும் இதைப் படித்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உரிமையாளர்களே, நீதிமன்றப் படியேறுவது இருவருக்குமே வேண்டாத வேலை. வாடகை வீட்டுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு வீடமைப்பு அமைச்சில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. என் வாழ்க்கையில் இதுவரை சட்டமாக இருந்தது நானும் உரிமையாளரும் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்தான். அந்தத் தாளில் "கூடாது" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எப்படிச் செய்யலாம் என்று ஒரு வரியாவது இருக்கிறதா?

செந்தூல் வீட்டுக்காரம்மாவிடம்தான் அந்த ஒரு வரி எனக்குக் கிடைத்தது. ஓய்வு பெற்ற சீனப் பெண்மணி. சாவி கொடுக்க வந்தவர் அம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்தார். யார் என்று மலாயில் கேட்டார். சொன்னோம். பேசாமல் கூடத்துக்குள் போய் ஒரு சுவரைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார். "இந்தச் சுவர் செங்கல், இதில் துளை போடு. அது முழுக்கக் காங்கிரீட், ஆணி வளைந்துவிடும். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் தொடாதே, உள்ளே வயர் ஓடுகிறது. இந்தப் பக்கம் குளியலறை, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, இதையும் விட்டுவிடு. போகும்போது ஓட்டையை அடைத்துவிட்டுப் போ." மறுநாள் அவருடைய மகனிடமே டிரில் மெஷினைக் கொடுத்தனுப்பினார். ஆறு மில்லிமீட்டர் துளை, ஒரு பிளாஸ்டிக் பிளக், ஒரு ஸ்க்ரூ. பத்து நிமிடம் ஆகியிருக்காது. அம்மா படத்துக்குச் சந்தன மாலை போட்டுவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மாள் சொன்னதைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்கள் கட்டடம் உங்களுக்குத் தெரியும். எந்தச் சுவர் தாங்கும், எங்கே வயர் போகிறது, எங்கே குழாய் போகிறது என்று ஏஜென்டுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு சுவரை எங்களுக்கு விடுங்கள். ஒரே ஒரு சுவர். புதிய கட்டடங்களில் நான்கு பக்கமும் காங்கிரீட்டாக இருந்தால், கூரை ஓரமாக ஒரு தொங்கு கம்பியை நீங்களே பொருத்திவிடுங்கள். படச்சட்டக் கடைகளில் கிடைக்கும். கம்பியில் நூலை மாட்டி எத்தனை படம் வேண்டுமானாலும் தொங்கவிடலாம், இடம் மாற்றலாம். அடுத்த குடியிருப்பாளருக்கும் அதுவே போதும்.

அதோடு சுவர்ப் பூச்சின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். நாங்கள் ஓட்டையை அடைக்க அஞ்சுவதில்லை, நிறம் பொருந்தாமல் போவதற்குத்தான் அஞ்சுகிறோம். வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று பெயின்ட் கடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மிச்சமிருந்த பெயின்டைக் கால் டின் எங்காவது மூடி வைத்திருந்தால் அதைவிட நல்லது. ஓட்டையைச் சுற்றி உதிர்ந்ததைச் சுரண்டி, புட்டி வைத்து, ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கை பூசினால் நீங்களே வந்து தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்து இருபது வெள்ளிக்குள் முடியும். அந்த 900 வெள்ளியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சுவரைத் தொடாமலும் நிறையச் செய்கிறோம். அவற்றில் எதற்கும் உங்கள் அனுமதி தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றின் பலன் வீட்டோடு நின்றுவிடுகிறது.

நீங்கள் கொடுக்கும் வீடுகளில் கூடத்தின் நடுவே எப்போதும் ஒரு நீல வெள்ளை விளக்கு எரியும். ஆபீசுக்கும் மருந்தகத்துக்கும் ஏற்ற வெளிச்சம் அது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் முகத்தை அது இன்னும் களைப்பாகத்தான் காட்டும். நான் குடிவந்த அன்றே செய்வது பல்பை மாற்றுவதுதான். பெட்டியில் 6500K என்று போட்டிருந்தால் நீல வெள்ளை, 3000K என்றால் அகல் விளக்கின் மஞ்சள். சில வெள்ளிதான் வித்தியாசம். உங்கள் பழைய பல்பைப் பெட்டியில் போட்டு, பெயர் எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். போகும் நாளில் திரும்ப மாட்டிவிடுவேன்.

திரைச்சீலைக்கு நான் துணி வாங்குவதே இல்லை. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் இருக்கின்றன. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். நடுவில் வெட்டினால் ஆளுக்கு இரண்டே முக்கால் மீட்டரில் இரண்டு துண்டு. மேலே மடித்து, கீழே மடித்துத் தைத்தாலும் பால்கனிக் கண்ணாடிக் கதவின் உயரத்துக்குத் தாராளமாக வரும். தைக்கத் தெரியாதவர்கள் கவ்வு வளையம் வாங்கிக் கம்பியில் கோத்துவிட்டால் போதும். சேலையின் அகலம்தான் குறைவு, கதவு பெரியதாக இருந்தால் இரண்டு சேலை வேண்டும். எங்கள் கூடம் மேற்கு பார்த்தது. நான்கு மணிக்கு வெயில் அடிக்கும்போது அம்மாவின் மாம்பழ நிறச் சேலை வழியாக வரும் வெளிச்சத்தில் வெறும் டைல்ஸ் தரையும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். சேலை இல்லாதவர்கள் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் துணிக் கடைகளை ஏறி இறங்கினால் கிடைக்காத துணி இல்லை. மொத்தமாக வாங்கப் பலர் நீலாய் வரை போகிறார்கள்.

அலமாரிகளைச் சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வைக்கிறேன். காற்றுப் போக வழியில்லாத முதுகுப் பக்கத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். முந்தைய வீட்டில் நீங்களே கொடுத்த அலமாரி சுவரோடு ஆணியடித்து நின்றது. பின்னால் கறுப்பாகப் படர்ந்திருந்ததை நான் கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டு ஆனது. அதையும் குடியிருந்தவர் கணக்கில் எழுதாதீர்கள்.

பால்கனியில் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு மணி பிளான்ட். சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளில் வாங்கியவை. தொட்டிகளின் அடித்தட்டை எடுத்துவிட்டு மணல் நிரப்பிய தட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அபராதம் ஒரு பக்கம், டிங்கிக் காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. மகன் பள்ளிக்குப் போகுமுன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவான். கீழ்வீட்டுத் துணி நனையக் கூடாதென்று அவனுக்கு அளவு சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து எழுதப் போவது எனக்குக் கொஞ்சம் கனமானது.

செந்தூல் வீடு கிடைக்குமுன் இருபது இடத்துக்குமேல் தொலைபேசியில் பேசியிருப்பேன். சில இடங்களில் என் குரலைக் கேட்டதும், "நீங்க இந்தியரா? உரிமையாளர் விரும்பமாட்டார்," என்று வைத்துவிட்டார்கள். விளம்பரத்திலேயே எந்த இனத்தவர் வேண்டும், வேண்டாம் என்று எழுதியவர்களும் உண்டு. காரணம் கேட்டபோது ஒரு ஏஜென்ட் மட்டும் மனம்விட்டுச் சொன்னார். விளக்குப் புகை சுவரில் கறை பிடிக்கும், சாம்பிராணி வாடை போகாது, சமையல் மணம் திரைச்சீலையில் ஏறிவிடும். இவற்றுக்காக ஒரு குடும்பத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது தவறு. அதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை. புகைக் கறையைத் துடைத்துவிடலாம். "உன்னை வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளையின் மனதில் படிவதை எதைக் கொண்டு துடைப்பது? நான் பேசும்போது என் மகன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

கறைதான் உங்கள் கவலை என்றால் அதற்கு வழி இருக்கிறது. எங்கள் சாமி மேடை சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது. விளக்கின் பின்னால் ஒரு டைல்ஸ் பலகையைச் சாய்த்திருக்கிறோம். புகை அதில்தான் படியும், வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. விளக்குக்கடியில் தண்ணீர் ஊற்றிய பித்தளைத் தாம்பாளம். திரியைச் சிறிதாக இழுத்து வைத்தால் புகையே குறைவு. இரவு படுக்குமுன் பூவால் அணைத்துவிடுவோம். சாம்பிராணி போடும்போது பால்கனிக் கதவைத் திறந்து வைக்கிறோம். வீட்டுக்காரம்மா சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கொண்டுவந்தபோது சாமி மேடைக்குமேல் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மேடையில் இரண்டு ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார்.

நிர்வாகக் குழுவினரே, இனி உங்களிடம்.

நடைபாதை பொதுச் சொத்து என்பது எனக்குத் தெரியும். அடுக்ககங்களுக்கான 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி அதைப் பேணும் பொறுப்பு உங்களுடையது. தீப்பிடித்தால் எல்லோரும் ஓடப்போகும் வழி அது. அதில் செருப்பு அலமாரி வைப்பதும், சைக்கிள் நிறுத்துவதும், பூந்தொட்டி வரிசை கட்டுவதும் தவறுதான். நீங்கள் அகற்றினால் உங்கள் பக்கம் நான் நிற்பேன். கட்டடத்தின் வெளிமுகத்தில் கண்ட நிறம் அடிக்கக் கூடாது, கம்பியில் துணி தொங்கக் கூடாது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கோலம்?

போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு வாசலில் உட்கார்ந்து பதினைந்துக்கு எட்டு இடுக்குப் புள்ளி வைத்தேன். மூன்று வாசல் தள்ளியிருக்கும் மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்வதைக் கடைசிவரை நின்று பார்த்தார். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் கோலம் இல்லை. ஈரத் துடைப்பத்தின் தடம் மட்டும் இருந்தது. துப்புரவு செய்கிறவரைக் கேட்டேன். பொதுவிடத்தில் எதுவும் இருக்கக் கூடாதென்று மேலே சொன்னார்களாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றுதான் நம் நகரத்துப் பேரங்காடிகளில், கூடத்தின் நடுவே, பளிங்குத் தரையில், கலர் அரிசியால் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கோலங்கள் விரிந்திருந்தன. மக்கள் வரிசை கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் அங்கே அது தேசத்தின் அழகு என்று பேசப்படுகிறது. என் வாசலில் அதுவே குப்பையானது ஏன்?

அரிசி மாவுக்கு எறும்பு வரும் என்பீர்கள். கோலமாவு கல்மாவு, அதற்கு எறும்பு வராது. நடப்பவர் கால் வழுக்கும் என்பீர்கள். சரிதான், முதியவர்கள் இருக்கிற மாடி. அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறேன். இரண்டடிக்கு இரண்டடி மெல்லிய பிளைவுட் பலகை, இரண்டு பக்கமும் காவி நிற எனாமல், அடியில் நழுவாமல் இருக்க ரப்பர் வில்லைகள். கோலத்தை வீட்டுக்குள்ளேயே போட்டு, கதவோரச் சுவரில் சாய்த்து வைக்கலாம். அதற்குச் சுண்ணாம்புக் கட்டியை நனைத்துப் போட வேண்டும், காய்ந்தால் கொட்டாது. நாள் முடிந்ததும் உள்ளே எடுத்து அடுத்த நாள் துடைத்துப் போடலாம். நடைபாதையில் அது அடைக்கும் இடம் இரண்டு விரல் கனம்தான். தோட்டத்து ஈர மண்ணில் போட்டது போல் வராது என்று அம்மா சொல்வார். ஆனால் விடிகாலையில் அதைப் போடுவதும் அவர்தான்.

பண்டிகைக்கு முன்னும் பின்னும் சில நாள்கள், கதவிலிருந்து இரண்டடிக்குள் கோலத்துக்கும், கிரில் கதவில் மாவிலைத் தோரணத்துக்கும் இடம் விடுங்கள். எங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் கதவோரத்தில் சிவப்புச் சாமி மாடம் வைத்திருக்கிறது. நோன்பின் கடைசி நாள்களில் மக்சிக் வீட்டு வாசலில் பெலித்தா விளக்கு வரிசை மின்னும், அவர் இப்போது பேட்டரி விளக்குத்தான் வைக்கிறார். மூன்று வாசலும் அலங்காரமாக இருக்கும் மாடியில் லிஃப்ட் திறந்தவுடன் நம் தளத்துக்கு வந்துவிட்டோம் என்று எண்ணைப் பார்க்காமலே தெரியும். கூடுதல் விதிகள் போடும் அதிகாரம் உங்கள் பொதுக்கூட்டத்துக்கு உண்டு. தடைகளுக்காக மட்டுமே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஒரு தடவை அனுமதிக்காகவும் பயன்படுத்துங்கள்.

அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு ஓட்டில்லை, உரிமையாளர்களுக்குத்தான் உண்டு. பராமரிப்புக் கட்டணம் எங்கள் வாடகைக்குள் அடங்கியிருந்தாலும், பல உரிமையாளர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. ஆகவே உரிமையாளர்களே, உங்களுக்கு வர நேரமில்லையென்றால் உங்கள் பதிலாளாக எங்களை அனுப்புங்கள். லிஃப்ட் எப்போது நிற்கிறது, எந்தக் குழாய் கசிகிறது என்று அங்கேயே வாழ்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஒப்பந்தத்தோடு பின்னிணைப்பாக ஒரே ஒரு தாள். எந்தச் சுவரில் துளை போடலாம், எத்தனை. எந்தப் பெயின்ட், என்ன எண். ஒரு சுவருக்கு நிறம் மாற்ற விரும்பினால் போகும்போது பழைய நிறத்துக்குத் திருப்ப வேண்டும் என்ற வாக்குறுதி. குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாக எடுத்த படங்கள், கிளம்பும் நாளில் அதே கோணத்தில் மறுபடியும். பிடித்தம் செய்தால் ரசீது. வாழ்ந்த தேய்மானம் எது, உடைத்த சேதம் எது என்று நான்கு வரி. எழுதி வைத்துவிட்டால் கடைசி நாளில் ஓட்டைகளை எண்ண வேண்டியதில்லை.

வாடகைக்கு விட்ட வீடு கெட்டுவிடுமோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரியாமலில்லை. வங்கிக் கடன் கட்டிக்கொண்டு, வியர்வை சிந்தி வாங்கிய வீடு. சிலர் கதவை உடைத்துவிட்டு, மூன்று மாத வாடகை பாக்கியோடு இரவோடு இரவாகக் காணாமல் போயிருக்கிறார்கள். கேட்கும்போது எனக்கே வேதனையாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அப்படிப் போனவர்கள் சுவரில் அப்பாவின் படத்தை மாட்டியவர்களா? சேலையை வெட்டித் திரை தைத்தவர்களா? மூட்டையைப் பிரிக்காமலே இருப்பவருக்குத்தான் கிளம்புவது சுலபம். ஜாலான் ஈப்போ வீட்டில் நாங்கள் ஒன்பது பெட்டிகளைக் கடைசிவரை பிரிக்கவில்லை. ஒழுகிய குழாயைப் பற்றிச் சொல்லக்கூட எனக்கு அங்கே மனம் வரவில்லை, யார் வீடோ என்று இருந்துவிட்டேன். செந்தூலில் குளியலறை டைல்ஸ் இடுக்கில் கறுப்பு விழுந்தால் நானே பழைய பல்துலக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். பின்னிணைப்புத் தாளை நான் தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவுக்காக எதிர்வீட்டுப் பிள்ளை சீனத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கேட்பவர்களுக்கு ஒரு நகல் தருகிறேன். இந்த முறை இரண்டாவது துளை ஒன்று கேட்கப் போகிறோம். பாட்டியின் படம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அப்பாவின் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு, அம்மா பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
செந்தூலில் உங்கள் வீட்டில் வாழும் ஒருத்தி